ஓம் என்று சொன்ன குரல்

குகதாசனின் இடது காது உமிக் குவியலுக்குள் கிடந்தது. அதைத் தேடி எடுத்துப் பொலித்தீன் பையில் போட்டு, புருஷனோடு சேர்த்து வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி இராசேஸ்வரி. அவர் அழைத்து, காலை ஒன்பது மணிக்குப் பிரேமிளா போய்ச் சேர்ந்தபோது இராசேஸ்வரியின் சேலையில் இரத்தமும் உமியும் ஒன்றாக ஒட்டிக் காய்ந்திருந்தன.

பிரேமிளா இருபது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காக விபத்துகளை விசாரித்தவள். பொய் சொல்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்து, வேலையை விட்டு, கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் சொந்தமாகத் துப்பறியும் தொழில் தொடங்கியிருந்தாள். அவளுக்கு உதவியாள் சிற்றம்பலம். முன்னாள் பஸ் கொண்டக்டர். இப்போது அவனிடம் இருந்தவை ஒரு ஓட்டோவும், எந்த நேரத்திலும் அடங்காத ஒரு வாயும்.

இராசேஸ்வரி நடந்ததை அழாமல் சொன்னார். நெளுக்குளத்தில் அவர்களுக்கு ஒரு அரிசி ஆலை. காலை ஏழு மணிக்கு முன்னமே சேகர் வந்திருக்கிறான். இருபத்துநான்கு வயது. நான்கு வருடமாக அவர்களுடைய ட்ரக்டரை ஓட்டுகிறவன். அவர்களுடைய குசினியில் சாப்பிடுகிறவன். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று குகதாசன் கேட்டிருக்கிறார். பதிலுக்குக் காட்டுக்கத்தி தோளில் இறங்கியது. இரண்டாவது வெட்டு காதைக் கொண்டுபோனது. மூன்றாவதைத் தடுக்கக் கையை உயர்த்தியபோது முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்து வெளியே வந்தது. வேலையாள் ஒருவர் மண்வெட்டிப் பிடியால் சேகரின் முதுகில் அடித்திருக்காவிட்டால் நான்காவது வெட்டு கழுத்தில் விழுந்திருக்கும். அவன் வேலி பாய்ந்து ஓடிவிட்டான். பொலிஸ் தேடுகிறது.

சண்டை, சச்சரவு, காதல், காணி எதுவும் இல்லை என்றார் இராசேஸ்வரி. வெட்டும்போது அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னானாம்.

“‘என்ர அண்ணனே சொல்லிப்போட்டான், நீதான் எண்டு.’ அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவன்.”

“அண்ணன் எங்க இருக்கிறார்?”

“யோகன் காணாமல் போய்ப் பதினாறு வருசம், பிள்ளை. சண்டை முடிஞ்ச நேரம் செட்டிகுளத்து அகதி முகாமில இருந்து ஆமிக்காரர் கொண்டு போனவை. அதுக்குப் பிறகு ஆரும் காணேல்லை.”

வெளியே வந்ததும் சிற்றம்பலம் ஓட்டோவைக் கிளப்பினான்.

“காணாமல் போனவர் வாய் திறந்திருக்கிறார் எண்டால், முதல் அவற்ற வாக்குமூலத்தை எல்லோ எடுக்கவேணும், அக்கா.”

பிரேமிளா சிரிக்கவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை.

சேகரின் தாய் பேச்சியம்மாவின் வீடு செட்டிகுளத்தில். மன்னார் வீதியால் ஒரு மணி நேரம். மலையகத்திலிருந்து எழுபதுகளில் வன்னிக்கு வந்த குடும்பம். பொலிஸ் ஏற்கெனவே வந்து, மகன் எங்கே என்று மட்டும் கேட்டு, அலுமாரியைக் கிளறிவிட்டுப் போயிருந்தது. உடுப்புகள் இன்னும் நிலத்தில் கிடந்தன. பேச்சியம்மா கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, பிரேமிளாவை இருக்கச் சொன்னார். யாரென்று கேட்டபோது அவள் மறைக்கவில்லை. குகதாசன் வீட்டார் அனுப்பி வந்திருப்பதாகச் சொன்னாள்.

“தாசன் தம்பிக்கு உசிரு இருக்கா?” என்று பேச்சியம்மா கேட்டார். இருக்கிறது என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு தானாகவே சேலைத் தலைப்பிலிருந்து போனை எடுத்தார். நெளுக்குளத்தில் கனகலிங்கம் மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறாராம். பெரிய பக்திமான். ஒருவரிடமும் எதுவும் வாங்காமல், காணாமல் போனவர்களின் குரலைத் திருப்பித் தருகிறாராம். மூன்று நாள் விரதம் இருந்து, பழைய குரல்பதிவு ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். யோகன் பதினைந்து வயதில் பண்டாரவளையிலிருந்த சித்திக்குப் பேசி அனுப்பிய கசற் ஒன்று அந்த வீட்டில் தப்பியிருந்தது. அதைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் போனில் மகன் பேசினான்.

அவர் ஒரு இலக்கத்தை அழுத்தினார்.

“அம்மா, சாப்பிட்டீங்களா?” என்றது குரல். உடைந்தும் உடையாத வயதுக் குரல். மூச்சுக்கூடக் கேட்டது.

“சாப்பிட்டேன்யா. நீ நல்லா இருக்கியா?”

“ஓம் அம்மா. நான் நல்லா இருக்கிறன்.”

பிரேமிளா நிமிர்ந்தாள். குரல் நின்றபின், யோகன் வீட்டில் எப்படிப் பேசுவான் என்று கேட்டாள். எங்களைப் போலத்தான் என்றார் பேச்சியம்மா. ஓம் என்பானா, ஆமா என்பானா?

கிழவி போன் திரையைத் தலைப்பால் துடைத்தார்.

“ஆமாம்பான். வெளிய எல்லாரோடயும் ஓம்பான், எங்கிட்ட ஆமாம்பான். மொத நாளே எனக்குக் கேட்டுச்சு. பதினாறு வருசமாச்சு, போன எடத்துல பேச்சு மாறியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.”

இதற்குள் சிற்றம்பலம் போனை ஒருதடவை பார்க்கலாமா என்று பணிவாக வாங்கிக்கொண்டு முற்றத்துக்குப் போயிருந்தான். ஐந்து நிமிடத்தில் வாசலில் நின்று பிரேமிளாவைக் கையால் அழைத்தான்.

“அக்கா, நான் வடிவான ஆம்பிளையோ எண்டு கேட்டனான். ஓம் எண்டுது.”

“பிறகு?”

“என்ர மனிசி பதினைஞ்சு வருசமாய் மறுக்கிற விஷயம். இது ஒரு நொடியில ஒத்துக்கொண்டிட்டுது. சந்தேகம் வந்து, உன்னைக் காட்டிக் குடுத்தது பஸ் கொண்டக்டர் சிற்றம்பலமோ எண்டு கேட்டன்.”

அவன் முகத்தில் பகிடி இல்லை.

“அதுக்கும் ஓம் எண்டுது, அக்கா.”

அந்தப் பகுதியில் பழைய சொல் ஒன்று உண்டு. முகத்தை மூடிக்கொண்டு வாகனத்துக்குள் இருந்து, வரிசையில் வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறவனைத் தலையாட்டி என்பார்கள். அவன் ஆட்டினால் அந்த ஆள் போய்விடுவான். இருவருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

பிரேமிளா உள்ளே போய்க் கேட்டாள்.

“அம்மா, தாசன் எண்ட பேரை முதலில சொன்னது ஆர்? குரலோ, நீங்களோ?”

பேச்சியம்மா நிலத்தில் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். நான்தான் கேட்டேன் என்றார். காட்டிக்கொடுத்தது தாசனா என்று கேட்டேன், ஓம் என்று சொன்னது, பக்கத்தில் நின்ற சேகர் கேட்டுவிட்டான்.

கனகலிங்கம் மாஸ்டர் நெளுக்குளத்தில் ஆலையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நெற்றி நிறையத் திருநீறு. சாமியறைக்குள்ளேயே கணினி. பிள்ளையார் படத்துக்கும் சந்தனப் பொட்டு, பக்கத்திலிருந்த இணையப் பெட்டிக்கும் சந்தனப் பொட்டு.

“இதில மூலவர் ஆர், அக்கா?” என்று சிற்றம்பலம் காதோடு கேட்டான்.

மாஸ்டர் ஏமாற்றுக்காரரைப் போலத் தெரியவில்லை. அதுதான் பிரேமிளாவுக்குச் சங்கடமாக இருந்தது. மனைவி இறந்தபின் அவர் நித்திரையில்லாமல் கிடந்து, செயற்கை நுண்ணறிவைத் தானாகவே படித்து, முதலில் மனைவியின் குரலைத்தான் செய்திருக்கிறார். அது அவரைச் சாகாமல் காப்பாற்றியது. மற்றவர்களுக்கும் அந்த ஆறுதலைக் கொடுக்கவேண்டும் என்று சாமியிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார். நாற்பத்தொரு வீடுகளுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். குகதாசனுக்கு வெட்டு விழுந்த செய்தி அவருக்குத் தெரியும். தன்னுடைய கணினிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பது தெரியாது. அவள் சொன்னபோது அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஒருத்தற்ற பேரையும் அதுக்குள்ள எழுதேல்லை, பிள்ளை. சத்தியமாய்.”

குரலுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். சுத்தமான தமிழில் நான்கு வரி: கேட்பவர் பெருந்துயரத்தில் இருக்கிறார். அவர் மனம் நோக எதுவும் சொல்லாதே. அன்பாகப் பேசு. அவர் சொல்வதை ஒருபோதும் மறுக்காதே.

“பேரை நீங்கள் எழுதேல்லை, மாஸ்டர். மறுக்காதே எண்டு எழுதியிருக்கிறீங்கள். மிச்சத்தைக் கேக்கிற ஆக்கள் கொண்டு வருவினம்.”

“கும்பிட்டுத்தான் தொடங்கினனான்.”

“கும்பிட்ட பிறகு, ஆக்கள் என்ன கேக்கினம் எண்டு ஒருநாளாவது பார்த்தனீங்களோ?”

பார்க்கவில்லை என்றார் மாஸ்டர். எல்லாம் எழுத்தில் பதிவாகிறதுதான். மற்றவர்களின் அழுகையை ஒட்டுக்கேட்பது பாவம் என்று திறந்ததே இல்லை.

அவள் திறக்கச் சொன்னாள். அவர் யோகனின் பெயரை அழுத்தினார். பேச்சியம்மாவின் இலக்கத்துக்குக் கீழே இன்னொரு இலக்கம். சேகருடையது. இன்று காலை ஏழு ஐம்பதுக்கு ஒரு வரி: “தாசனை வெட்டிட்டேன் அண்ணே.” அதற்குக் கீழே பதில்: “நீ கவலைப்படாதே தம்பி. நான் உன்னோட இருக்கிறன்.”

மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பிரேமிளா கீழே இறக்கினாள். பகல் ஒன்று பத்து: “அவர் தனியாவா செஞ்சாரு? வேற ஆளும் இருந்தாங்களா?” “ஓம் தம்பி, இருந்தவை.” “மாமாவும் சேந்துதானா?” “ஓம் தம்பி.” “நான் போகட்டா?” “ஓம் தம்பி. போயிட்டு வா.”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

பேச்சியம்மாவின் தம்பி நல்லதம்பி பூவரசங்குளத்தில் கச்சான் கடலைத் தோட்டம் வைத்திருந்தார். பிரேமிளா பேச்சியம்மாவிடம் இலக்கம் வாங்கிப் போன் எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொலிஸுக்குச் சொன்னாள். நாங்கள் வருகிறோம் என்றார்கள்.

சிற்றம்பலம் கணினியைக் காட்டினான்.

“அக்கா, யோகன் சொல்லுற மாதிரி நாங்கள் எழுதுவம். கத்தியைப் போட்டிட்டு வீட்ட போ எண்டு. அவன் கேப்பான்.”

மாஸ்டர் எழுதத் தயாராகவே இருந்தார். பிரேமிளா ஒரு கணம் யோசித்தாள். பிறகு மறுத்தாள். செத்தானோ இருக்கிறானோ தெரியாத ஒருவனின் வாயால் தானும் பேசமாட்டேன் என்றாள். மாஸ்டர் அதை முழுதாக நிறுத்திவிடவா என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்லும்வரை ஓடட்டும் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னால் பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். அப்போது அவளிடம் ஒரு யோசனை இருந்தது. அது புத்திசாலித்தனமான யோசனை என்று அவள் நம்பினாள்.

ஓட்டோ பூவரசங்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, தோட்டத்துக் கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம் வீதிவரை கேட்டது. பொலிஸ் இன்னும் வரவில்லை. பிடுங்கிப் போட்ட கச்சான் கொடிகளின் மேலால் அவர்கள் ஓடினார்கள். நல்லதம்பி மோட்டர் வைத்த சீமெந்துத் திட்டில் சாய்ந்து கிடந்தார். தலையிலிருந்து வழிந்த இரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. தொடையில் ஆழமான வெட்டு. உடுத்திருந்த சாரம் முழுக்கச் சிவப்பு. சேகர் அவருடைய தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தான். கத்தி கழுத்தில் இருந்தது. சொல்லு, ஏன் செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர் அவனுடைய பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரேமிளா பத்தடி தள்ளி நின்றாள். சிற்றம்பலம் மோட்டரை நிறுத்தினான். திடீரென்று வந்த அமைதியில் சேகர் திரும்பினான். கிட்ட வந்தால் இவரை அறுப்பேன் என்றான்.

“வரேல்லை. அண்ணனிட்ட ஒரு கேள்வி மட்டும் கேள். பிறகு உன்ர விருப்பம்.”

“என்ன கேள்வி?”

“காட்டிக் குடுத்தது நானோ எண்டு கேள்.”

அதுதான் அவளுடைய யோசனை. முகாமில் இருந்தபோது சேகருக்கு எட்டு வயது. அவனைப் பற்றியே கேட்டாலும் குரல் ஓம் என்று சொல்லும். அது பொய் என்று அவனுக்கே தெரியும். அந்த இடத்திலேயே அவனுடைய நம்பிக்கை உடைந்துவிடும். கணக்குப் போல நேராக இருந்தது.

சேகர் கேட்கவில்லை. கத்தி மாமனின் கழுத்திலிருந்து கொஞ்சம் இறங்கியது. யோசனை வேலை செய்கிறது என்று நினைத்தாள் பிரேமிளா. கேள் என்று மறுபடியும் சொன்னாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். வீட்டுப் பேச்சில், குழந்தைபோலக் கேட்டான்.

“அண்ணே, அது நானா?”

“ஓம் தம்பி,” என்றது குரல், மிகுந்த அன்போடு. “நீதான்.”

அவன் கத்துவான், போனை எறிவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் மாமனை விட்டான். மெதுவாக முழந்தாளிட்டான். வலது கையைச் சீமெந்துத் திட்டில் விரித்து வைத்தான். கத்தியை இடது கைக்கு மாற்றினான்.

அவளுக்கு விளங்கியபோது நேரம் போய்விட்டது. சிற்றம்பலம் பாய்ந்தான். கத்தி அவனுடைய உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு, சேகரின் மணிக்கட்டில் எலும்புவரை இறங்கியது. சேகர் மறுபடி ஓங்கினான். சிற்றம்பலம் அவன்மேல் விழுந்து, முழங்காலால் முகத்தில் இடித்தான். பல் உடைந்தது. மூன்றாவது தடவை கத்தி ஓங்கப்படவில்லை. பிரேமிளா தன் சால்வையைக் கிழித்து சேகரின் கையை இறுக்கிக் கட்டினாள். துணிக்கு மேலால் இரத்தம் பொங்கி அவளுடைய முழங்கைவரை வந்தது.

“முகாம்ல ஆமிக்காரங்க பிஸ்கட் குடுத்தாங்க,” என்றான் சேகர். வாயிலிருந்து இரத்தத்தோடு வந்தது. “ஒங்க அண்ணன் எந்தக் கூடாரம்னு கேட்டாங்க. கையை நீட்டிக் காட்டினேன். சிரிச்சாங்க. நான் நின்னு தின்னுக்கிட்டிருந்தேன்.”

கீழே கிடந்த போன், கவலைப்படாதே தம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிற்றம்பலம் அதை வெட்டுப்படாத கையால் எடுத்துக் கிணற்றுக்குள் எறிந்தான். அது சாட்சிப்பொருள் என்று பிரேமிளா அவனுக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு மூன்று பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். குகதாசனுக்கு நினைவு திரும்பியிருந்தது. நல்லதம்பிக்குத் தலையில் பதினெட்டுத் தையல். சேகரின் கை இருக்கும், விரல்கள் மடங்குமா என்று தெரியாது என்றார் டொக்டர். அவனுடைய கட்டிலடியில் ஒரு பொலிஸ்காரர் காவல் இருந்தார். சிற்றம்பலம் கட்டுப்போட்ட கையோடு சுவரோர மர வாங்கில் இருந்தான்.

பேச்சியம்மா பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பிரேமிளா எழுந்து போய், நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது. மத்தியானம் இதைப்போலவே மாஸ்டர் சொன்னபோது தான் எப்படிப் பார்த்தாள் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள்.

கிழவி அவளைத் திட்டவில்லை.

“தாசன் தம்பிதான் அப்ப முகாம்ல தண்ணி வரிசைக்குப் பேரு எழுதினவரு. எல்லாக் கூடாரமும் அவருக்குத் தெரியும். அவரா இருக்கட்டும்னுதான் கேட்டேன், பிள்ள. அவருதான்னு நெனச்சுக் கேக்கல.”

“விளங்கேல்லை, அம்மா.”

பேச்சியம்மா வார்டுக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. மகன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அவர் கட்டிலைச் சுற்றி நடந்து, அவன் முகம் இருந்த பக்கத்துக்கே போய் நிலத்தில் அமர்ந்தார். அவன் என்னவோ சொல்லத் தொடங்கினான். அவர் அவனுடைய வாயில் கையை வைத்தார்.

“அன்னைக்கே எனக்குத் தெரியும்யா. நான் ஓடி வந்தப்ப ஒங் கையில பிஸ்கட் பைக்கட் இருந்திச்சு. நம்மகிட்ட ஏது பிஸ்கட்டு? தெரிஞ்சுதான் ஒன்ன வளத்தேன்.”

காவல் இருந்த பொலிஸ்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

பதினாறு வருடம் அந்தத் தாய் வேறொரு பெயரைத் தேடியிருக்கிறார். எந்தப் பெயராவது. மறுக்காத குரல் ஒன்று கையில் கிடைத்தபோது, முதலில் வாயில் வந்த பெயரை அதனிடம் நீட்டியிருக்கிறார். பிரேமிளா வாங்கில் போய் உட்கார்ந்தாள். இராசேஸ்வரி மேல்மாடியில் காத்திருந்தார். ஏன் வெட்டினான் என்று தெரியவேண்டும் என்றுதான் அவர் கேட்டிருந்தார். அதை இன்னும் போய்ச் சொல்லவேண்டும்.

அதற்கு முன் சார்ஜன்ட் வாக்குமூலம் எடுக்க வந்தார். மாஸ்டர் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து, கணினியை ஒப்படைத்துவிட்டு, அங்கேயே இருக்கிறாராம். அவள் காலையிலிருந்து நடந்ததைச் சொல்ல, சார்ஜன்ட் எழுதினார். கிணற்றடிக்கு வந்ததும் பேனையை நிறுத்தினார். அந்தக் கடைசிக் கேள்வியைச் சேகர் தானாகவே கேட்டானா, அல்லது யாராவது கேட்கச் சொன்னார்களா என்று கேட்டார். அவனாகக் கேட்டான் என்று எழுதினால் விஷயம் சுருக்கமாக முடியும் என்றும் சொன்னார்.

“நான்தான் கேக்கச் சொன்னனான்,” என்றாள் பிரேமிளா. “அப்பிடியே எழுதுங்கோ.”

அவர் முழுப் பெயரைக் கேட்டார். அவள் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.